அசலின் விலையும் போலியின் அச்சமும்

கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடைபெறும் நாள்களில், கடலூர் மாவட்டக் கரையில் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். ‘சாகர் கவாச்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஒத்திகையில், பயங்கரவாதிகளாக வேடமேற்ற பாதுகாப்புப் படையினர் போலி வெடிகுண்டுகளோடும் போலி ஆயுதங்களோடும் படகேறிக் கரைக்குள் ஊடுருவ முயல்வார்கள். அவர்களை மறித்துப் பிடிப்பது மற்றோர் அணியின் பொறுப்பு. வெள்ளாற்று முகத்துவாரமும், பிச்சாவரத்தின் கிளை வாய்க்கால்களும், அன்னங்கோயில், முடசல்ஓடை, சாமியார்பேட்டை போன்ற மீனவ ஊர்களும் வரிசையாக அமைந்த இந்தக் கரை, ஊடுருவுவோருக்கு வசதியானது. காவல் காப்போருக்குக் கடினமானது.

ஒத்திகை முடிந்ததும், பிடிபட்டவர் எத்தனை பேர், தப்பியவர் எத்தனை பேர் என்ற கணக்கு செய்தியாக வெளிவரும். பரங்கிப்பேட்டையில் வாழ்பவன் என்ற முறையில், அந்தக் கணக்கைவிட வேறொன்றே என் கவனத்தை ஈர்த்துவருகிறது. ஊடுருவுபவரின் கையில் இருப்பது போலி. மறிப்பவரின் கையில் இருப்பது அசல். எதிரெதிரே நிற்கும் அந்த ஓரிரு விநாடிகளில், இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது எது? நாட்டின் படைகள் பழைய துப்பாக்கிகளைக் கைவிட்டுப் புதியவற்றை ஏந்தத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில், இந்தக் கேள்வி ஒத்திகைக்கு வெளியிலும் முக்கியத்துவம் பெறுகிறது.

மாறிவரும் துப்பாக்கி

இந்தியக் காலாட்படை வீரரின் அடையாளமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விளங்கியது ‘இன்சாஸ்’. 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும் இந்தத் துப்பாக்கி, உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு, திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் உற்பத்தி செய்யப்பட்டது. 1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது, கடுங்குளிரில் அதன் நெகிழித் தோட்டாப் பெட்டிகள் விரிசல் கண்டதாகப் புகார்கள் எழுந்தன. அதன் பிறகு மாற்றுத் துப்பாக்கிக்கான தேடல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்தத் தேடலுக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. முதலாவது, அமெரிக்காவின் ‘சிக் 716’. 2019 பிப்ரவரியில் 72,400 துப்பாக்கிகளுக்கும், 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 துப்பாக்கிகளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 7.62×51 மி.மீ. தோட்டாவைச் சுடும் இது, எல்லை முனையில் நிற்கும் படையினருக்கானது. இரண்டாவது, ரஷ்ய வடிவமைப்பான ‘ஏகே-203’. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள கோர்வாவில், இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தானது. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 35,000 துப்பாக்கிகள் படைக்கு வழங்கப்பட்டிருந்தன. 7.62×39 மி.மீ. தோட்டாவைச் சுடும் இதன் பயன்தரு தொலைவு 300 மீட்டர் என்று பாதுகாப்பு அமைச்சகம் குறிப்பிட்டுள்ளது. இன்சாஸின் இடத்தை நிரப்பப்போவது இதுதான். திருச்சித் தொழிற்சாலையும் இதே தோட்டாவைச் சுடும், இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘திருச்சி தாக்குதல் துப்பாக்கி’யை உருவாக்கியுள்ளது.

ஏகே-203 ஒப்பந்தத்தின் மதிப்பு 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். ஒரு துப்பாக்கிக்குச் சராசரியாக 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்தத் தொகை எதற்காகச் செலவிடப்படுகிறது? குழலின் உட்புறத்தைத் தேய்மானத்திலிருந்து காக்கும் பூச்சு, ஆயிரக்கணக்கான முறை வெடித்தாலும் பிளக்காத எஃகு, சேற்றிலும் மணலிலும் சிக்காமல் இயங்கும் உள்ளுறுப்புகள், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நடத்தப்படும் சோதனைச் சுடுதல் ஆகியவற்றுக்காக. சுருங்கச் சொன்னால், கண்ணுக்குப் புலப்படாதவற்றுக்காகத்தான் அரசு விலை கொடுக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் வெளித்தோற்றமோ எவர் வேண்டுமானாலும் நகலெடுக்கக்கூடியது.

ஆற்றலில் மலை, தோற்றத்தில் மயிரிழை

அசலையும் போலியையும் ஒப்பிடுவதற்குப் பொருத்தமான அளவுகோல், குழல்வாயிலிருந்து வெளிப்படும் குண்டின் ஆற்றல். அது ஜூல் என்ற அலகால் அளக்கப்படுகிறது. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய ஒரு ஜூல் ஆற்றல் தேவை. ஏகே-203 சுடும் குண்டு ஏறத்தாழ 2,000 ஜூல் ஆற்றலோடு வெளிப்படுகிறது. சிக் 716இன் குண்டு 3,000 ஜூலைத் தாண்டும்.

மறுபுறம், விளையாட்டுக்கெனச் சிறு நெகிழிக் குண்டுகளைச் சுடும் மாதிரித் துப்பாக்கிகள் ஜப்பானில் பெரும் தொழிலாகவே வளர்ந்துள்ளன. உலகின் எந்தப் படையிலாவது ஒரு புதிய துப்பாக்கி அறிமுகமானால், அதன் மாதிரி விரைவிலேயே சந்தைக்கு வந்துவிடுகிறது. நீள அகலம், எடை, பின்கட்டை மடங்கும் விதம், பொறிக்கப்பட்ட எழுத்துகள் என அனைத்தும் அசலைப் போலவே இருக்கும். அங்கு 2006இல் திருத்தப்பட்ட சட்டம், இத்தகைய ஆறு மி.மீ. குண்டுத் துப்பாக்கிகளின் ஆற்றலுக்கு 0.98 ஜூல் என்று உச்சவரம்பு விதித்தது. அசலுக்கும் அதன் போலிக்கும் ஆற்றலில் இருப்பது இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. தோற்றத்தில் இருப்பதோ, இருபது அடி தொலைவில் நிற்பவருக்குப் புலப்படாத வேறுபாடு.

நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தொங்கும் பொம்மைகள் அந்த அளவு நுட்பமானவை அல்ல என்பது உண்மையே. தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கியை எவரும் அசலென்று எண்ணி அஞ்சமாட்டார்கள். ஆனால், இணைய வணிகத் தளங்களின் வழியே இன்று வீடு தேடி வருபவை வேறு ரகம். ஜெல் உருண்டைகளைச் சுடும் முழு நீளத் துப்பாக்கிகளும், கைத்துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டர்களும் கறுப்பு நிறத்தில், உலோகப் பளபளப்போடு கிடைக்கின்றன. அசல் துப்பாக்கியின் பெயரே அவற்றின் விளம்பரமாகவும் அமைகிறது.

ஒரு பொம்மையின் வரலாறு

துப்பாக்கி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, சுடுவது. மற்றொன்று, சுடப்படுவோம் என்ற அச்சத்தை எதிரே நிற்பவருக்கு ஊட்டுவது. பெரும்பாலான தருணங்களில் இரண்டாவது வேலைதான் நடைபெறுகிறது. அந்த வேலையைப் போலித் துப்பாக்கி குறைவின்றிச் செய்துமுடிக்கும்.

இதற்கு இந்திய வரலாற்றிலேயே வியப்பூட்டும் சான்று உண்டு. 1978 டிசம்பர் 20 அன்று, லக்னோவிலிருந்து டெல்லி நோக்கிப் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைப் போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே என்ற இருவர் கடத்தி வாராணசியில் இறக்கினர். சிறையிலிருந்த இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை அச்சுறுத்த அவர்கள் பயன்படுத்தியவை பொம்மைத் துப்பாக்கியும், துணி சுற்றிய கிரிக்கெட் பந்தும் என்பது பின்னரே தெரியவந்தது. ஆட்சி மாறிய பின் வழக்கு திரும்பப் பெறப்பட்டதும், இருவரும் சட்டமன்ற உறுப்பினர்களானதும் தனிக் கதை.

பொம்மையால் எவரும் சாகவில்லை என்பதால் அந்தச் சம்பவத்தை இன்று வேடிக்கையாக நினைவுகூர்கிறோம். இதன் மறுபக்கம் வேடிக்கையானதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 அன்று, பூங்காவில் மாதிரித் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த தாமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனை, வந்திறங்கிய சில விநாடிகளுக்குள் காவல் அதிகாரி ஒருவர் சுட்டார். மறுநாள் அச்சிறுவன் உயிரிழந்தான். பொம்மை என்பதைக் காட்டுவதற்காக அந்நாட்டுச் சட்டப்படி குழல்முனையில் இருந்திருக்க வேண்டிய ஆரஞ்சு நிற அடையாளம் அதில் அகற்றப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு முன், கலிஃபோர்னியாவில் ஏகே-47 வடிவ மாதிரித் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த 13 வயதுச் சிறுவன் ஆன்டி லோபஸும் இவ்வாறே காவல் துறையினரின் குண்டுக்கு இரையானான்.

நேரெதிரான குழப்பமும் உயிரைப் பறித்துள்ளது. 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ திரைப்படப் படப்பிடிப்பில், ஆபத்தற்றதென நம்பிக் கையாளப்பட்ட துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்ததால் பெண் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். போலியை அசலென்று எண்ணினாலும், அசலைப் போலியென்று எண்ணினாலும், விலை ஒன்றுதான்.

கடலில் தோற்றமே தீர்ப்பு

இவையெல்லாம் அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாட்டின் விளைவுகள், நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. கடலோர மக்களுக்கு இந்தக் கவலை மிக நெருக்கமானது.

2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலை நடத்தியவர்கள் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினர். அன்றுமுதல், ஒவ்வொரு மீன்பிடிப் படகும் ஐயத்தோடு நோக்கப்படும் நிலை உருவானது. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலோரத்தில் ‘என்ரிகா லெக்ஸி’ கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படையினர், கடற்கொள்ளையர் என்று கருதி மீனவர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில், எச்சரித்தும் நிற்காத ஐயத்துக்குரிய படகு எனக் கருதி இந்தியக் கடற்படைக் கப்பலே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமடைந்தார். எச்சரிக்கும் நோக்கிலேயே சுட்டதாகக் கடற்படை விளக்கமளித்தது.

இந்த இரு நிகழ்வுகளிலும் போலித் துப்பாக்கி எதுவும் இல்லை. வலையும் மீனும் மட்டுமே இருந்த படகுகளே, அவற்றின் தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடப்பட்டன. வெறுங்கையோடு இருப்பவருக்கே இந்த நிலை என்றால், அசலைப் போன்ற ஒரு பொருள் படகில் தென்பட்டால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

புதிய துப்பாக்கிகளின் வருகை இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சைச் சேர்க்கிறது. இன்சாஸின் வரைவுருவம் தனித்தன்மை உடையது. தொலைவிலிருந்து பார்க்கும் சாமானியரும்கூட, இது நம் படையினரின் துப்பாக்கி என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஏகே வகையின் வளைந்த தோட்டாப் பெட்டியோ, மும்பைத் தாக்குதலின் ஒளிப்படங்களாலும் திரைப்படங்களாலும் பயங்கரவாதத்தின் சின்னமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. நம் படைகளின் சில பிரிவுகளும் காவல் துறையும் ஏற்கெனவே ஏகே-47ஐப் பயன்படுத்திவருகின்றன. இனி லட்சக்கணக்கான வீரர்கள் அதே வடிவத்தைத்தான் ஏந்தப்போகிறார்கள். பொம்மைச் சந்தையிலும் மிகுதியாக நகலெடுக்கப்படுவது அதே வடிவம்தான். காப்பவர், தாக்குபவர், விளையாடுபவர் ஆகிய மூவரின் கைகளிலும் ஒரே வரைவுருவம் இருக்கப்போகிறது.

கடலில் அந்நியர் நடமாட்டத்தைக் கண்டால் தகவல் தெரிவிக்குமாறு மீனவர்களை அரசு கேட்டுக்கொள்கிறது. கடலோரக் காவலின் கண்களும் காதுகளும் மீனவர்களே என்று ஒவ்வொரு விழிப்புணர்வுக் கூட்டத்திலும் கூறப்படுகிறது. அந்தக் கண்கள் எதைக் கொண்டு அடையாளம் காண வேண்டும் என்பதைத்தான் எவரும் கூறுவதில்லை.

சட்டம் எதை அளக்கிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் போலித் துப்பாக்கியைத் தெரியும். சுடும் திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பாக்கியின் தோற்றம் கொண்ட எதுவும் போலித் துப்பாக்கியே என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு தெளிவாக வரையறுக்கிறது. அதை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதற்கு உரிமம் வேண்டும். சட்டப்படியான கைதைத் தடுக்கும் நோக்கில் போலியைப் பயன்படுத்தினாலும் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க 28ஆம் பிரிவு வழிசெய்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தோற்றத்தின் ஆற்றலைப் புரிந்துகொண்ட சட்டம் என்று இதைப் பாராட்டலாம்.

ஆனால், இந்தப் பிரிவுகள் செயல்படுவது குற்றம் நிகழ்ந்த பிறகு, அல்லது குற்ற நோக்கம் வெளிப்பட்ட பிறகு. அதற்கு முந்தைய கட்டத்தில் நடைமுறை வேறாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஏர்கன்களை அளக்கும் கோல் ஆற்றலும் குழல் விட்டமும்: 20 ஜூலைத் தாண்டினாலோ, 0.177 அங்குலத்தைவிடப் பெரிய விட்டம் இருந்தாலோ உரிமம் வேண்டும். பொம்மை என்ற பெயரோடு சந்தைக்கு வரும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயம். குழந்தையின் கண்ணைக் காயப்படுத்துமா, விழுங்கத்தக்க சிறு பாகங்கள் உள்ளனவா, நச்சு வண்ணம் பூசப்பட்டுள்ளதா என்பன அந்தத் தரத்தின் அக்கறைகள். இவையனைத்தும் தேவையானவையே. ஆயினும், பொம்மையை வைத்திருப்பவருக்கு அதனால் தீங்கு வருமா என்று பார்க்கும் தரம், பொம்மையைப் பார்ப்பவரின் அச்சத்தால் வரும் தீங்கைக் கணக்கில் கொள்வதில்லை.

ஓரிடத்தில் மட்டும் அரசு தெளிவாக இருக்கிறது. விமான நிலையத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கியோடு நுழைய அனுமதியில்லை. அது சுடுமா, எத்தனை ஜூல் என்று அங்கு எவரும் கேட்பதில்லை. துப்பாக்கியைப் போல இருப்பதே தடைக்குப் போதுமான காரணம். விமான நிலைய வாயிலில் ஏற்கப்பட்ட இந்த எளிய நியாயம், நகைக் கடைக்கும் வங்கிக்கும் பேருந்து நிலையத்துக்கும் கடற்கரைக்கும் ஏன் பொருந்தாமல் போனது?

நிறம் என்னும் எளிய தீர்வு

பிரிட்டன் இந்தக் கேள்விக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விடை கண்டது. அசலிலிருந்து பிரித்தறிய முடியாத போலித் துப்பாக்கிகளின் தயாரிப்பும் விற்பனையும் இறக்குமதியும் 2007 அக்டோபர் முதல் அங்கு தடைசெய்யப்பட்டன. முழுவதும் பளிச்சிடும் வண்ணத்திலோ, உட்புறம் தெரியும்படியோ, மிகச் சிறிதாகவோ இருந்தால் தடையில்லை. அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கா 1988இல் இயற்றிய சட்டம் குழல்முனை அடையாளத்தோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. முனையில் மட்டும் உள்ள அடையாளத்தை அகற்றுவது எளிது என்பதற்குக் கிளீவ்லாந்து சாட்சி. நாம் பின்பற்ற வேண்டியது பிரிட்டனின் வழி. அடையாளம் பொம்மையின் ஒரு முனையில் ஒட்டப்படாமல், அதன் உடலோடு கலந்திருக்க வேண்டும்.

நிறத்தால் அடையாளம் காட்டுவது படைகளுக்குப் புதிதன்று. 1781 ஜூலை 1 அன்று, இதே பரங்கிப்பேட்டை மண்ணில் ஹைதர் அலியின் பெரும்படையும் அயர் கூட்டின் தலைமையிலான கம்பெனிப் படையும் மோதின. கம்பெனிப் படையினர் அணிந்திருந்தது சிவப்பு அங்கி. வெடிமருந்துப் புகை சூழ்ந்த அக்காலப் போர்க்களங்களில், தம்மவர் யார், எதிரி யார் என்று அறிய அத்தகைய நிறங்கள் உதவின. எதிரியின் கண்ணிலும் படும் என்று தெரிந்தே அந்த நிறத்தை அணிந்தார்கள். மறைந்திருப்பதைவிட அடையாளம் தெரிவது உயிரைக் காக்கும் தருணங்கள் உண்டு என்பதே அதன் பொருள்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். குற்றவாளி ஒருவர் அசல் துப்பாக்கிக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி ஏமாற்றலாமே என்பது முதலாவது. அது நடக்கக்கூடியதே. அதனால், நிறத்தை மட்டும் நம்பிக் காவலர் தம் பாதுகாப்பைத் தளர்த்த முடியாது. ஆனால், கறுப்புப் பொம்மைகளே சந்தையில் இல்லாத சூழலில், ஒரு சிறுவன் தவறாகச் சுடப்படும் வாய்ப்பும், பொம்மையைக் காட்டிப் பணம் பறிக்கும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். சட்டத்தின் இலக்கு தொழில்முறைக் குற்றவாளி மட்டுமல்லர், தவிர்க்கக்கூடிய விபத்தும்தான். சிறு வியாபாரிகளின் பிழைப்பு பாதிக்கப்படும் என்பது இரண்டாவது மறுப்பு. நெகிழியை வார்க்கும்போது கறுப்புச் சாயத்துக்குப் பதில் மஞ்சளையோ பச்சையையோ சேர்ப்பதற்குப் பெரும் செலவு பிடிக்காது. இருப்பில் உள்ளவற்றை விற்றுத்தீர்க்க ஓராண்டு அவகாசம் அளித்தால் போதும். குழந்தைகளின் மகிழ்ச்சியும் குறையாது. துப்பாக்கியின் நிறத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் போலீஸ் விளையாட்டைக் கைவிட்டதில்லை.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு, பொம்மைத் தர ஆணையின் கீழ் துப்பாக்கி வடிவப் பொம்மைகளுக்கு நிற விதியைச் சேர்க்க வேண்டும். இணைய வணிக நிறுவனங்கள், படைத் துப்பாக்கிகளின் பெயர்களையும் தோற்றத்தையும் கொண்ட பொருள்களைப் பொம்மைப் பிரிவில் விற்பதைத் தடுக்க வேண்டும். திரைப்படத் துறைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பதிவு அடிப்படையில் விலக்கு அளிக்கலாம்.

ஒத்திகையில் பயன்படும் போலி ஆயுதங்களுக்கும் இதே விதி தேவை. பல நாடுகளில் காவலர் பயிற்சிக்கு முழு நீல நிறத்தாலான மாதிரித் துப்பாக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒத்திகையின் எதிர்பாராத் தன்மை குலைந்துவிடும் என்ற தயக்கம் நியாயமானதே. அதைப் போக்கவும் வழி உண்டு. ஊடுருவும் அணி தன் ஆயுதங்களைப் பைக்குள் மறைத்தே கொண்டுவரட்டும். வெளியே எடுக்கும்போது அவற்றின் நீல நிறம் தெரியட்டும். வேடமிட்ட காவலரின் உயிரும் உயிர்தான். அருகில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரின் உயிரும் அப்படியே.

புதிய துப்பாக்கிகளைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் அவற்றின் விலை, எடை, எட்டும் தொலைவு, உள்நாட்டுத் தயாரிப்பின் விகிதம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. ஆறு லட்சம் அசல் துப்பாக்கிகளைத் தயாரிப்பதற்கு நாடு ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டது. அவற்றின் நிழலாகச் சந்தைக்கு வரும் போலிகளுக்கோ எந்தத் திட்டமும் இல்லை. அசலைத் தாங்கும் வீரருக்கு, எதிரே தெரிவது பொம்மையா ஆயுதமா என்று ஒரு விநாடியில் முடிவெடுக்கும் சுமையையும் நாம் ஏற்றிவைத்திருக்கிறோம். அந்தச் சுமையை ஒரு வாளி வண்ணத்தால் குறைக்க முடியும் என்னும்போது, அதைச் செய்யாதிருப்பதற்கு அரசிடம் என்ன காரணம் இருக்க முடியும்?